கழுதை தேடிப் போனவனும் ராஜா கேட்டவர்களும்

போன வாரம் எபினேசர் கல்லோட நிறுத்தினோம். இந்த வாரம் 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்துல ஆரம்பிச்சு 12 வரைக்கும் போகப்போறோம். வேதாகமம் பக்கத்துல இருந்தா திறந்து வச்சுக்கோங்க. பஸ்ல போய்க்கிட்டே கேட்கிறவங்க சும்மா கேளுங்க, கதையை நான் சொல்லிட்டே போறேன்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கிறேன். ஞாயிறு பள்ளியில இந்தப் பகுதியை நான் பல வருஷம் ரொம்ப சுலபமா நடத்தியிருக்கேன். ஜனங்க ராஜா கேட்டாங்க, அது தப்பு, கர்த்தர் சவுலைக் கொடுத்தார், சவுல் கெட்டுப்போனான். பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். ஒரு நாள் ஒரு பையன் எழுந்து நின்னு, "அப்போ சவுலைத் தேர்ந்தெடுத்தது யாரு சார், ஜனங்களா, கடவுளா?"ன்னு கேட்டான். "ரெண்டு பேரும்தான், உட்காரு"ன்னேன். பதில் தெரியாம சொன்ன பதில் அது. அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

சூழ்நிலையைப் பாருங்க. சாமுவேலுக்கு வயசாயிருச்சு. தன் பிள்ளைகள் யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவுல நியாயாதிபதிகளா வச்சிருக்கார். ரெண்டு பேரும் பரிதானம் வாங்குறாங்க. மூப்பர்கள் எல்லாரும் ராமாவுக்கு வந்து இதை முகத்துக்கு நேரா சொல்றாங்க: உங்களுக்கு வயசாயிருச்சு, உங்க பிள்ளைங்க உங்க வழியில இல்ல, மத்த ஜாதிகளுக்கு இருக்கிற மாதிரி எங்களுக்கு ஒரு ராஜாவை வைங்க. இதுல முதல் பாதி அப்பட்டமான உண்மை. அந்தப் பிள்ளைகளை நியமிச்சதே சாமுவேல்தான். ஏலியோட வீட்டுல நடந்ததைக் கண்ணால பார்த்து வளர்ந்தவர், தன் வீட்டுல அதையே விட்டுட்டார். இதை நாம பிரசங்கத்துல அதிகம் பேசுறதில்ல.

இன்னொரு பக்கம் பெலிஸ்தர். ஆப்பெக் யுத்தத்துல முதல்ல 4,000 பேர், அப்புறம் 30,000 பேர் விழுந்தாங்க, உடன்படிக்கைப் பெட்டியே பறிபோச்சுன்னு 4-ஆம் அதிகாரம் சொல்லுது. 13-ஆம் அதிகாரத்துல இன்னொரு விவரம் வரும். இஸ்ரவேல் தேசத்துல கொல்லனே இல்லை. கலப்பைக் கொழுவைத் தீட்டணும்னா எதிரியோட பட்டறைக்குத்தான் போகணும். அந்த இடத்துல எபிரேயத்துல "பிம்"னு ஒரு சொல் வருது. வேதாகமத்துல வேற எங்கயும் வராத சொல். பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு அர்த்தம் தெரியாம ஊகிச்சு எழுதினாங்க. பிற்பாடு அகழ்வாராய்ச்சியில அந்தச் சொல் பொறிச்ச சின்ன எடைக்கற்கள் கிடைச்சது. சுமார் 7.8 கிராம், கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு சேக்கல். அதாவது அது தீட்டுக் கூலி! ஏர் ஓட்டறதுக்கே எதிரிக்கு வெள்ளி எடை போட்டுக் கொடுத்த விவசாயி, முன்னாடி நின்னு யுத்தம் பண்ண ஒரு ராஜா வேணும்னு கேட்டா, அதை வெறும் பேராசைன்னு என்னால சொல்ல முடியல.

ஆனாலும் கர்த்தர் அதை வேற மாதிரிப் பார்க்கிறார். அவங்க தள்ளினது உன்னை இல்ல, என்னைன்னு சாமுவேல்கிட்ட சொல்றார். அவ்வளவு சொல்லிட்டு, மறுக்கலை. அவங்க சொல்றதைக் கேள்னு சொல்றார். ஒரே அதிகாரத்துல மூணு தடவை: 7, 9, 22-ஆம் வசனங்கள். நடுவுல ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுக்கச் சொல்றார். அந்த எச்சரிக்கை முழுக்க ஒரே வினைதான்: எடுத்துக்குவான். பிள்ளைகளை எடுத்துக்குவான், பெண்களை எடுத்துக்குவான், வயலை, திராட்சைத் தோட்டத்தை, வேலைக்காரங்களை, கழுதைகளை. கடைசியில நீங்களே அவனுக்கு அடிமை. ஜனங்க முழுசா கேட்டுட்டு, பரவாயில்ல, ராஜா வேணும்னு சொல்றாங்க. தெரியாம எடுத்த முடிவு இல்ல இது.

இப்போ 9-ஆம் அதிகாரம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அரசியல், எச்சரிக்கை எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு, கதை காணாமப்போன கழுதைகளுக்குப் போயிருது. கீஸோட கழுதைகளைத் தேடி அவன் மகன் சவுல் கிளம்புறான். எப்பிராயீம் மலை, சலீஷா, சாலீம், பென்யமீன் நாடு, எங்கயும் கிடைக்கல. சூப் நாட்டுக்கு வந்ததும், வா திரும்பிடலாம், அப்பா கழுதையை விட்டுட்டு நம்மைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சிருவார்ங்கிறான். நல்ல பிள்ளை. அவன் கூட வந்த வேலைக்காரன்தான், இந்த ஊர்ல ஒரு தேவமனுஷன் இருக்கார், கேட்டுப் பார்க்கலாமேன்னு சொல்றான். கொடுக்கக் கையில ஒண்ணுமில்லையேன்னு சவுல் தயங்க, கால் சேக்கல் வெள்ளி வச்சிருக்கேன்னு எடுத்துக் காட்டுறதும் அதே வேலைக்காரன். அவனுக்குப் பேர்கூட எழுதப்படல. அவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா சவுல் வீட்டுக்குப் போயிருப்பான்.

ஆனா முந்தின நாளே கர்த்தர் சாமுவேல்கிட்ட, நாளைக்கு இந்நேரம் பென்யமீன் நாட்டுல இருந்து ஒருத்தனை அனுப்புறேன்னு சொல்லியிருக்கார். அனுப்புறேன்! சவுலைக் கேட்டா கழுதை தேடி வந்தேம்பான். ரெண்டும் நிஜம். இன்னும் கவனிங்க: என்னைத் தள்ளினாங்கன்னு சொன்ன அதே கர்த்தர், இங்கே தன் ஜனத்தோட கூக்குரல் தன்கிட்ட வந்துச்சு, பெலிஸ்தர் கையில இருந்து காப்பாத்த இவனை அனுப்புறேன்னு சொல்றார். அந்தத் தப்பான கோரிக்கைக்குள்ள இருந்த நிஜமான வலி அவருக்குக் கேட்டிருக்கு.

அப்புறம் சவுல் மூணு தடவை ராஜாவாகிறான். தனியா, எண்ணெய் அபிஷேகம். மிஸ்பாவுல, சீட்டு விழுந்து. அப்பக்கூட சாமான் மூட்டைகளுக்கு நடுவுல ஒளிஞ்சிருந்தவனை இழுத்துட்டு வர்றாங்க. யாபேசை அம்மோனியன் நாகாஸ்கிட்ட இருந்து மீட்ட பிறகு, கில்கால்ல ஜனங்களே அவனை ராஜாவாக்குறாங்க. அந்தப் பையனோட கேள்விக்குப் பதில் 12-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்துல இருக்கு. இவன் நீங்க தெரிந்துகொண்ட, நீங்க கேட்ட ராஜா. இவனைக் கர்த்தரே உங்க மேல வச்சிருக்கார். ரெண்டையும் சாமுவேல் ஒரே மூச்சுல சொல்றார். நடுவுல "ஆனால்" எதையும் போட்டு ஒண்ணைக் குறைக்கல. சவுல்ங்கிற பேருக்கே "கேட்கப்பட்டவன்"னுதான் அர்த்தம்.

இந்த விவாதம் நமக்கு முன்னாடியே யூத ரபிகளுக்குள்ள நடந்திருக்கு. உபாகமம் 17-ல ராஜாவைப் பத்தி வர்றது கட்டளையா, ஜனங்க முறுமுறுப்பாங்கன்னு தெரிஞ்சு கொடுத்த அனுமதியான்னு தால்முத்துல ரெண்டு தரப்பு இருக்கு. மைமோனிடிஸ் கட்டளைன்னார். 15-ஆம் நூற்றாண்டுல அபர்பனேல் இல்லைன்னார். அவர் போர்ச்சுகல், ஸ்பெயின் ரெண்டு அரண்மனையிலயும் வேலை பார்த்து, 1492-ல ஸ்பெயினை விட்டே துரத்தப்பட்டவர். ராஜாக்களைக் கிட்ட இருந்து பார்த்த ஆள். அவர் பேச்சுக்கு நான் கொஞ்சம் கூடுதலாவே காது கொடுப்பேன்.

ஏன்னா எச்சரிக்கை பலிச்சது. சாலொமோன் காலத்துல 30,000 பேரை அமஞ்சி வேலைக்குப் பிடிச்சு, மாசத்துக்கு 10,000 பேரா லீபனோனுக்கு அனுப்பினாங்க. அவன் மகன் ரெகொபெயாம்கிட்ட சீகேம்ல ஜனங்க நுகத்தைக் குறைங்கன்னு கெஞ்சி, அவன் மறுத்து, கி.மு. 930 வாக்கில நாடு ரெண்டாச்சு. அதே ராஜ்யத்துல இருந்துதான் தாவீதும் வந்தான். மத்தேயு தன் சுவிசேஷத்தைத் தாவீதோட வம்சத்துலதான் தொடங்குறார். விலையும் ரத்தாகல, வாக்குத்தத்தமும் ரத்தாகல.

இதை நான் ஏன் இவ்வளவு நேரம் பேசுறேன்னா, பதினோரு வருஷம் முன்னாடி நான் ஒரு வேலையை விட்டேன். வீட்டுல யாருக்கும் சம்மதமில்ல. முடிவை எடுத்துட்டுத்தான் ஜெபம் பண்ணினேன். அது ஜெபமே இல்ல, ரெடி பண்ணின தாள்ல கையெழுத்து கேட்கிற மாதிரி. அதால வந்த கடன் இன்னும் முழுசா தீரல. அதால கிடைச்ச நண்பர்கள் சிலர் இல்லாம என் வாழ்க்கையை நினைச்சுப் பார்க்கவும் முடியல. அது தேவசித்தமா என் இஷ்டமான்னு வருஷக்கணக்கா தராசுல போட்டுப் பார்த்துட்டே இருந்தேன்.

12-ஆம் அதிகாரத்துல ஜனங்களும் அங்கதான் நிக்கிறாங்க. கோதுமை அறுப்புக் காலத்துல இடியும் மழையும் வந்ததும் பயந்துபோய், ராஜா கேட்டது எங்க பாவத்தோட சேர்ந்த பாவம்னு ஒத்துக்கிறாங்க. சாமுவேல், ஆமா, செஞ்சீங்கன்னுதான் சொல்றார். ஆனா ராஜாவைத் திருப்பிக் கொடுங்கன்னு சொல்லல. பயப்படாதீங்க, இங்கிருந்து கர்த்தரை விட்டு விலகாம நடங்க, உங்களுக்காக ஜெபம் பண்றதை நான் நிறுத்தினா அது என் பாவம்ங்கிறார். வேண்டாம்னு சொன்ன மனுஷன், நடந்தபிறகு கூடவே நிக்கிறார்.

பிற்பாடு சவுல் தள்ளப்பட்டப்போ அதிகமா அழுததும் இவர்தான். எவ்வளவு நாள் துக்கப்படுவே, கொம்பை எண்ணெயால நிரப்பிக்கிட்டுப் புறப்படுன்னு கர்த்தர் சொன்னதும், சவுல் கேள்விப்பட்டா என்னைக் கொன்னுடுவானேன்னு பயப்படுறார். பயந்துக்கிட்டே ஒரு கிடாரியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புறார். அடுத்த வாரம் நாமளும் அவரோட பெத்லகேமுக்குப் போவோம். 16-ஆம் அதிகாரத்தை ஒரு தடவை வாசிச்சுட்டு வாங்க.