நாரையும் நானூறு மில்லிமீட்டரும்



திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, மேட்டூர் நீர் வந்து நிறைகின்ற உதயமார்த்தாண்டபுரம் ஏரிக்கரையில், கார்த்திகை மாதத்து விடியற்காலையில் காமராவும் கையுமாக நிற்கிற எவருக்கும், எதிரே மரக்கிளையில் அமர்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரையைக் கண்ட மாத்திரத்தில், தம்மிடமுள்ள 300 மி.மீ. ஜூம் லென்ஸ் போதவில்லையே என்ற ஏக்கம் பிறப்பது சகஜம். 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரியில், பறவைகள் நீர் சூழ்ந்த மரங்களில் வாசம் செய்வதால், எத்தனை நாழிகை பொறுமை காத்தாலும் இடைத்தூரம் குறையப் போவதில்லை; ஆகவே அந்த ஏக்கத்தை ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும், 400 மி.மீ. லென்ஸுக்காகப் பணம் செலவிடுவது உசிதமன்று என்பது என் அபிப்பிராயம். பிம்பம் அதில் மூன்றிலொரு பங்குதான் வளர்கிறது. 24 மெகாபிக்ஸல் காமராவில் எடுத்த பழைய படத்தையே ஓரம் வெட்டி அந்த அளவுக்குக் கொண்டுவந்தாலும் பதின்மூன்றரை மெகாபிக்ஸல் மிஞ்சும். பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு அது தாராளம். 600 மி.மீ. லென்ஸுக்கு ஈடாக வெட்டினாலோ மிஞ்சுவது ஆறுதான்; ஆகவே வாங்குவதானால் 600 மி.மீ. லென்ஸே தகும். அதனால் துவார எண் எஃப் 5.6 போய் எஃப் 6.3 வந்தால் வெளிச்சம் குறையுமே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அந்த எண், குவியத்தூரத்துக்கும் ஒளி வாயிலின் விட்டத்துக்கும் உள்ள வெறும் விகிதமே; ஒளி நுழையும் வாயிலின் விட்டம் பழைய லென்ஸில் சுமார் 54 மி.மீ., புதியதில் சுமார் 95 மி.மீ. ஆகையால், அதே நாரையிடமிருந்து ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளி வந்து சேருகிறது.

தேவை பார்த்துக் கருவி தேர்வதற்கு ஓர் உதாரணம் உண்டு. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவருமான மா. கிருஷ்ணன், ஒரு கம்பெனியின் காமராவையும் வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸையும் தாமே இணைத்து ஒரு பெரிய சாதனத்தை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டினார். விளம்பரத்தைப் பார்த்து அல்ல, காட்டில் தமக்கு நேர்ந்த தேவையைப் பார்த்தே அவர் அதை அமைத்துக்கொண்டார் என்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

கோடியக்கரைப் பூநாரைகளுக்காக மட்டும் லென்ஸ் மாற்ற நினைப்பவர்கள் சற்றே நிதானிக்க வேண்டும். வெயில் ஏறியதும் அங்குள்ள உப்பளவெளியில் எழுகின்ற கானல், பறவையோடு சேர்ந்து தானும் பெரிதாகிவிடும். உதயமார்த்தாண்டபுரத்துக்கு ஆண்டுதோறும் செல்பவர்கள் 600 மி.மீ. லென்ஸைத் தயக்கமின்றி வாங்கலாம். ஆனால் அது ஏறக்குறைய 2 கிலோ கனம். ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தோளில் சுமந்து பார்த்துவிட்டு வாங்குவது நலம். வாங்கியபின், ஐப்பசி ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை படராதபடி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள்.