சுருக்குப்பைக்கு ஒரு ஜிப்

பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் அடக்கமான வடிவம் இன்றும் அழகுதான். ஆனால் கயிறு தளர்ந்தால் சில்லறை சிந்தும். திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சேதுக்கரைக் கடலில் நீராடப் போனால் மணலும் புகும். அந்தக் குறையை ஜிப் தீர்க்கும். ஸ்வீடனில் பிறந்த கிடியன் சுன்ட்பாக் 1917இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றைய ஜிப்புக்கு அடிப்படை. இனி தைக்கும் முறை: பழைய பட்டுப்புடவையின் முந்தானை வெளியே, பருத்தித் துணி உள்ளே. முதலில் ஜிப்பை இரு பக்கத் துணியோடும் தைத்துவிட வேண்டும். பிறகு அதைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே ஓரங்களை மூட்ட வேண்டும்; மறந்தால் பையைப் புரட்ட வழியிருக்காது.

பழமைக்குப் பித்தளை ஜிப்தானே பொருத்தம் என்பார்கள். உப்புக்காற்றில் உலோகம் களிம்பேறி இறுகும். கடலோரத்துக்கு நைலானே உகந்தது. அதுவும் பிளாஸ்டிக்தானே என்றால், உண்மைதான். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்தது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை. இதுவோ பல ஆண்டு உழைக்கும். துணி நைந்தாலும் பிரித்தெடுத்து அடுத்த பையில் தைக்கலாம். கடைப்பை மலிவாகக் கிடைக்குமே என்பவர்களுக்கு ஒரு பதில்: ஜிப் பழுதானால் கடைப்பையைத் தூக்கி எறிகிறோம், நாமே தைத்ததைப் பழுதுபார்க்கிறோம். பழமையைக் காப்பதென்பது இதுதான்.