மேல் உதடும் ஒரு ஊசியும்



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி எனக்கு முன்னாடி பேசியவர்கள் நல்லா சொல்லிட்டாங்க. நான் குழுக் கடனில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் வாங்கி, வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துறவ. அதனால எனக்குத் தெரிஞ்ச விஷயத்தையே பேசறேன். மேல் உதடு! சிரிக்காதீங்க, இதுல நம்ம காசும் இருக்கு, உயிரும் இருக்கு.

மேல் உதட்டுக்கு த்ரெட்டிங் பண்ணா எனக்கு 30 ரூபாய் கிடைக்கும். போன வருஷம் ஒருத்தர் பார்லருக்கு வந்தார். "ஊசியே இல்லாத பேனா மேடம், அழுத்தத்துல மருந்து உள்ளே போகும், உதடு அழகா எழும்பும், ஒரு நாள் பயிற்சி போதும், ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கலாம்" என்றார். 30 ரூபாய்க்குக் குனிஞ்சு நிமிர்றவளுக்கு அந்தக் கணக்கு இனிக்கத்தானே செய்யும்? ஆனாலும் விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். விசாரிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

உதட்டை எழுப்பப் போடுற மருந்துக்கு ஃபில்லர்னு பேர். பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். உதட்டுக்கு மேலே விழும் கோட்டுக்கு போடாக்ஸ் போடுவாங்க, அது தசையைத் தளர்த்தும். ரெண்டுமே நிரந்தரம் இல்லை. போடாக்ஸ் சில மாதத்தில் போயிடும். ஃபில்லர் ஆறு மாதம், மிஞ்சினா ஒரு வருஷம். கடன் தவணை முடியறதுக்குள்ள உதடு பழையபடி ஆயிடும்!

காசு போனா சம்பாதிச்சுக்கலாம். ஆனா மேல் உதட்டுக்குள்ளே ரத்தக்குழாய் ஓடுது. ஃபில்லர் அதுக்குள்ளே போனா அடைச்சுக்கும். தோல் வெளுத்துப் போகும், வலி தாங்காது, அப்புறம் திட்டுத்திட்டா நிறம் மாறி அந்த இடமே அழுகலாம். முகத்துல போட்ட ஃபில்லர் கண்ணுக்குப் போற குழாயை அடைச்சுப் பார்வை போனவர்களும் உண்டு. அடைப்பைக் கரைக்க மாற்று மருந்து இருக்கு. ஆனா அதை உடனே போடணும், போடத் தெரிந்த டாக்டர் பக்கத்திலேயே இருக்கணும். என் முன்னறையில் அதுக்கு எங்கே போவேன்? அந்த ஊசியில்லாப் பேனாவை உதட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

நம்ம நாட்டிலும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்த மாதிரி அழகுச் சிகிச்சையை முறையா பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்யணும், யூடியூபும் ஒர்க்ஷாப்பும் பார்த்தது பயிற்சி ஆகாது என்று அது சொல்கிறது.

ஊசியோட அருமை தாம்பரத்துக்காரங்களுக்குத் தெரியாததா? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலா 1986-ல் கண்டறியப்பட்டது நம்ம சென்னையில்தான். அந்த நோயாளிகளை ஒதுக்காமல் சேர்த்துப் பார்த்தது நம்ம சானடோரியம் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில், நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் முகத்துக்கு ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-ல் அறிவித்தது. அழகுக்குப் போடுற ஊசியும் ஊசிதான்.

அதுக்காக ஆசைப்படுற பிள்ளைகளைத் திட்டாதீங்க. கல்யாணம், வேலை, போட்டோ என்று அவங்களுக்கு ஆயிரம் நெருக்கடி. வேணும்னா போட்டுக்கட்டும், ஆனா கேட்டுட்டுப் போடட்டும். டாக்டரோட பெயர் என்ன, பதிவு எண் என்ன? தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மருந்து டப்பாவை நம்ம கண்ணு முன்னாடி பிரிக்கறாங்களா? அடைச்சுக்கிட்டா என்ன செய்வீங்க? பதில் சொல்ல முகம் சுளிச்சா எழுந்து வந்துடுங்க.

பார்லர் வச்சிருக்கிற தங்கச்சிங்களுக்கு: நூலைப் பல்லில் கடிக்காதீங்க, கழுத்தில் மாட்டிக்குங்க. ஆளுக்கு ஆள் புது நூல். உதட்டோரம் கொப்புளம் இருந்தா அன்னிக்குத் தொடாதீங்க. முகப்பருவுக்கு மருந்து தடவறவங்களுக்கு மேல் உதட்டில் வாக்ஸ் வேண்டாம், தோல் உரிஞ்சு வந்துடும். மீசை மாதிரி முடி அடர்த்தியா வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளிப் போகுதுன்னா அது நூலால் தீராது. பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம். "அரசு ஆஸ்பத்திரிக்குப் போம்மா"ன்னு சொல்லி அனுப்புங்க. 30 ரூபாய் போனாலும் அந்தப் பொண்ணு உங்களை மறக்க மாட்டா.

கடைசியா ஒரு கோரிக்கை. பேனா விற்க வந்தவர் என்னோட போகமாட்டார், அடுத்த தெருவுக்கும் வருவார். அந்தப் பேனாவுக்கோ ஒரு நாள் ஊசிப் பயிற்சிக்கோ நம்ம குழுக்களில் தொழில் கடன் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கணும். நல்ல ஸ்டெரிலைசர் வாங்கக் கேட்டா, முதல் ஆளா அவங்களுக்குக் கொடுங்க.