மணியோசைக்கும் மேடை உண்டு

1966 ஆகஸ்டில் சிகாகோ நகரில் இசைக்கலைஞர் ராஸ்கோ மிட்செல், தம்மையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட குழுவாகப் பதிவு செய்த ‘சவுண்ட்’ என்ற ஜாஸ் இசைத்தட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேச விரும்புகிறேன். சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், பாஸ், டிரம்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ‘தி லிட்டில் சூட்’ என்ற பகுதியில் மவுத் ஆர்கனும் ரெக்கார்டர் குழலும் சிறு மணிகளும் அவற்றோடு சரிசமமாக வந்து நிற்கின்றன. இவை புதுமைக்காகத் தூவிய அலங்காரம் அல்ல; ஜாஸ் குழுவின் அமைப்பையே மாற்றியவை என்பது என் வாதம். அதுவரை பெரும்பாலும் முன்னால் ஒருவர் தனித்து வாசிப்பார். மற்றவர்கள் பின்னால் தாளத்தைத் தாங்குவார்கள். டிரம்ஸ் முழங்கும்போது சிறு மணி காதில் விழாது. அது கேட்க வேண்டுமானால் மற்ற ஐவரும் கையை அடக்க வேண்டும். அப்படி அடக்கும்போது மௌனமும் இசையின் ஓர் உறுப்பாகிறது. முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் கரைகிறது.

வாத்தியம் கைவராதவர்கள்தாம் விளையாட்டுப் பொருளைத் தேடினார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் மிட்செல் அமெரிக்க ராணுவ இசைக்குழுவில் வாசித்தவர். டிரம்பெட் கலைஞர் லெஸ்டர் போவி, ரிதம் அண்ட் புளூஸ் குழுக்களில் ஊர் ஊராகப் போய் உழைத்தவர். இதே தட்டின் முதல் உருப்படியான ‘ஆர்னெட்’டில் இவர்களுடைய வேகத்தைக் கேட்கலாம். வேகம் தெரிந்தவர்கள் நிதானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சரி, கட்டுப்பாடு இல்லாத சத்தம்தானே என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு. இவர்கள் 1965இல் தொடங்கப்பட்ட ஏ.ஏ.சி.எம். என்ற கலைஞர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். சொந்தப் படைப்புகளையே அரங்கேற்றுவது அச்சங்கத்தின் கொள்கை; படைப்பு என்றாலே அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். விநோதக் கருவி ஒன்றைக் கையில் எடுத்தாலே கலையாகிவிடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதை எடுத்துவிட்டால் இசை குலைகிறதா என்பதே உரைகல். ‘லிட்டில் சூட்’டிலிருந்து சிறு கருவிகளை நீக்கினால் அந்த உருப்படியே இல்லை.

மிட்செல், போவி, பாஸ் கலைஞர் மலாக்கி ஃபேவர்ஸ் ஆகியோர் பின்னர் 1969இல் பாரிஸ் சென்று ‘ஆர்ட் என்சாம்பிள் ஆஃப் சிகாகோ’ என்ற பெயரில் இயங்கியபோது, சிறு கருவிகளே அக்குழுவின் அடையாளம் ஆயின. நண்பர்களே, ஒரு கலைஞரின் விரல் வேகத்தை மட்டும் அளக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அவர் எவ்வளவு இடம் விடுகிறார் என்பதையும் கவனியுங்கள். இத்தட்டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.