வேதப் புத்தகத்தில் எங்கள் ஊர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கிறிஸ்தவ அன்பு" என்று தலைப்பைக் கொடுத்துப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார் நம் செயலாளர். நான் பிரசங்கியார் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். சங்கரன்கோவில் பஸ்ஸில் வரும் கரிசல்காட்டு ஊர். ஹாஸ்டலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ஏல சத்திரம்!" என்றுதான் கூப்பிடுவீர்கள். நேற்று ராத்திரியும் ஒருவன் போனில் அப்படித்தான் கூப்பிட்டான். பேரன் பக்கத்தில் நின்று சிரித்தான்.

சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் கிறிஸ்துமஸ் கதை சொன்னார்கள். மரியாளுக்கும் யோசேப்புக்கும் சத்திரத்தில் இடமில்லை என்றதும், "நம்ம ஊர்லயா டீச்சர் இடமில்லைன்னாங்க?" என்று கேட்டுவிட்டேன். ஒரே சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் லூக்கா பத்தாம் அதிகாரம் வந்தது. அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் ஒரு சத்திரத்துக்குத்தான் கொண்டுபோகிறான். அன்றைக்குத்தான் மனசு ஆறியது. அந்தச் சமாரியன் செய்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் திராட்சரசம், ஏறிவந்த மிருகத்தின் முதுகில் ஓர் இடம், இரண்டு பணம். ஒரு பணம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஆக, இரண்டு நாள் கூலி. மீதி கடன்! கையில் இருந்ததை வைத்தே காரியத்தை முடித்துவிட்டான்.

இனி நான் சொல்லப்போவது இதுவரை யாரிடமும் சொல்லாதது.

எங்கள் தெருவில் எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் இருந்தார். தொழுநோய் வந்து, வெளியூரில் வைத்தியம் பார்த்து, 1965 வாக்கில் திரும்பி வந்தார். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. தெருவில் யாரும் அவர் கையில் எதையும் கொடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுத் திண்ணை ஓரத்தில் அவருக்கென்று ஒரு நசுங்கிய அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். என் தாயார் இரக்கமில்லாதவர் அல்ல. அவருக்குச் சோறு போடாமல் அனுப்பியதே கிடையாது. ஆனாலும் அந்த டம்ளர் வீட்டுக்குள் வந்ததில்லை.

உபதேசியாரம்மா மட்டும் வேறு மாதிரி. தாங்கள் குடிக்கிற செம்பிலேயே தண்ணீர் மோந்து வந்து, அவர் இரண்டு கைக்கும் நடுவில் வைப்பார்கள். மரத்துப்போன விரலுக்குப் பிடி தெரியாதல்லவா? செம்பு நழுவாதபடி அவர் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அவர் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியோ பருத்தியைப் பற்றியோ ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். அவர்கள் அதைப் பெரிதாக நினைத்த மாதிரியே தெரியவில்லை.

நானும் அவருக்கு இரண்டு தடவை தண்ணீர் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவையும் உயரத் தூக்கித்தான் ஊற்றினேன். பாதி அவர் சட்டையில் போயிற்று. "போதும்யா ராசா" என்றார்.

டாக்டர் பால் பிராண்டைப் பற்றி உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன ஒரு கையைக் குலுக்கினார். பிடி இரும்பாக இருந்தது! விரலை நிமிர்த்தும் சின்னத் தசைகள்தான் செயலற்றுப்போயிருக்கின்றன, முன்னங்கைத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்று அந்தப் பிடியிலிருந்து அவருக்கு விளங்கியது. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை பிறகு வேலூரில் வளர்ந்தது இப்படித்தான். கையைக் கொடுக்காமல் தள்ளி நின்றிருந்தால் அது அவருக்குத் தெரிந்திருக்குமா?

இன்னொரு நோயாளியின் தோளில் கைவைத்து அவர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாராம். அந்த மனிதர் விம்மி அழுதுவிட்டார். தப்பாக எதுவும் சொல்லிவிட்டேனா என்று டாக்டர் பதறியிருக்கிறார். அதெல்லாம் இல்லை, பல வருஷமாகத் தன்னை யாரும் தொட்டதில்லை என்றுதான் அழுகிறார் என்று மொழிபெயர்த்தவர் சொன்னாராம்.

இதைப் படித்தபோது எனக்கு நாற்பது வயசு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1982க்குப் பிறகு கூட்டு மருந்து வந்து அந்த நோய் முழுக்கக் குணமாகிற நோயாகிவிட்டது. அந்தச் சேதி சித்தப்பாவுக்கு எட்டவில்லை. நான் இங்கே கடைசி வருஷம் படிக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். ஊரிலிருந்து கடுதாசி வந்தது. பரீட்சை இருந்தது, போகவில்லை. பரீட்சை இல்லாவிட்டாலும் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் மெஸ்ஸில் நமக்குப் பரிமாறிய அண்ணாச்சி வந்திருக்கிறார். பின்னால் வாசற்படி பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, கை நடுங்குகிறது. மத்தியானம் முதல் பந்தியில் அவர் என் பக்கத்தில் உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு இலையில் சோறு பிசைந்து கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தப் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது.