தாபாஸ்: ஒரே மூச்சில் கேட்க வேண்டாம்

ஸ்பெயின் நாட்டுத் தாபாஸ் என்றதும் பலர் அதை ஏதோ ஒரு பலகாரத்தின் பெயர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே பானத்தோடு கொறிக்கச் சிறிய அளவில் தரும் எதற்கும் அந்தப் பெயர்தான். ஊறவைத்த ஆலிவ் காயும் தாபாதான். பூண்டு போட்டு எண்ணெயில் வதக்கிய இறாலும், உருளைக்கிழங்கு சேர்த்த கனத்த முட்டை அடையும் தாபாதான். ‘தாபா’ என்ற சொல்லுக்கு மூடி என்று பொருள்; தாபாஸ் அதன் பன்மை. ஒயின் கோப்பையை ரொட்டித் துண்டாலோ இறைச்சிச் சீவலாலோ மூடியதில் வந்த பெயர் என்பார்கள். முதலில் மூடிக் கொடுத்தது எந்த மன்னருக்கு என்பதில் ஆளுக்கொரு கதை. எனக்கு அந்தக் கதைகளைவிடப் பெரிதாகப் படுவது, இந்தப் பெயரிலிருந்து ஸ்பானியர்கள் ‘தாபெயார்’ என்று ஒரு வினைச்சொல்லையே உண்டாக்கிக்கொண்டதுதான். கொஞ்சம் குடித்து, கொஞ்சம் கொறித்து, பேசிக்கொண்டே அடுத்த கடைக்கு நகர்வது என்று அதற்குப் பொருள். ஆகவே தாபாஸை ரசிக்க விரும்புகிறவர் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எதையும் ஒரே மூச்சில் கேட்காமலிருக்கப் பழகுவது நல்லது.

லோக்ரோன்யோ நகரத்து லவுரெல் தெருவைப் பாருங்கள். குறுகலான அந்தத் தெருவில் பல கடைகளுக்கு ஒரே ஒரு பண்டத்தில்தான் பேர். ஒரு கடையில் சூடான இரும்புத் தகட்டில் வாட்டிய காளான்களை ரொட்டித் துண்டின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஓர் இறாலை வைத்துக் குச்சி குத்தித் தருவார்கள். அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் அடுத்த கடையின் கைமணம் தெரியாமலே போய்விடும். கிரனாடாவிலோ ஒவ்வொரு பானத்தோடும் ஒரு தாபா இலவசமாகவே வரும். வந்ததும் பெரிய தட்டுக்குச் சொல்லிவிடுகிறவருக்கு அந்த இலவசத் தாபாவைச் சாப்பிட வயிற்றில் இடமிருக்காது. செவியாவில் 1670 முதல் நடந்துவரும் எல் ரின்கோன்சில்யோ கடையில் வாடிக்கையாளரின் கணக்கை மரமேடையிலேயே சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டே போகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பார்கள், கடைசியில் பணம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் இப்படியொரு ஏற்பாடு.

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் வரவழைத்துப் பகிர்ந்தால் என்ன குறை என்று கேட்கலாம். ஸ்பானியர்களும் பகிர்ந்து உண்பவர்களே. அதற்கென்றே தாபாவைவிடப் பெரிய ‘ராசியோன்’ என்ற தட்டும், அதில் பாதியான ‘மெதியா ராசியோன்’ என்ற அளவும் உண்டு. ஆனால் எட்டுத் தட்டுகள் ஒன்றாக வந்து இறங்கினால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே குழைவுமாக இருக்க வேண்டிய குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டை ஆறிச் சொதசொதத்துவிடும். முதலில் குளிர்ந்தவை இரண்டு, அவை தீரும் தறுவாயில் சூடானது ஒன்று என்று கேட்பதே சரி. சான் செபாஸ்டியனில் மேடை நிறையப் பின்ச்சோக்கள் என்னும் அந்த ஊர்ச் சிறு தாபாக்கள் அடுக்கியிருந்தாலும், விவரம் தெரிந்தவர்கள் பலகையில் எழுதியிருக்கும் சூடான வகைகளைச் சொல்லிச் செய்யச் சொல்வார்கள். மேடையிலிருந்தே எடுக்க ஏற்றது ஹில்தா: ஆலிவ், ஊறிய பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்தலி வகை மீன், மூன்றையும் ஒரே குச்சியில் கோத்தது. 1946இல் வந்த ஒரு திரைப்படத்தின் பெயர் அது.

மது தொடாதவருக்கும் சைவருக்கும் இதில் இடமுண்டா என்பது நியாயமான கேள்வி. வடக்குப் பகுதிக் கடைகளில் ‘மோஸ்தோ’ என்ற புளிக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். கடைக்குக் கடை அதையே கேட்டுக் குடிப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. செவியாவில் சீரகம் மணக்கும் கீரை கொண்டைக்கடலை, எங்கும் கிடைக்கும் காரக் குழம்பூற்றிய உருளைக்கிழங்கு, எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய பத்ரோன் குட்டி மிளகாய் என்று சைவருக்கும் தட்டு நிறையும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடைச் சீவலான ஹமோனை அந்தக் கணக்கில் சேர்க்காத கடைக்காரர்கள் உண்டு. காய்கறித் தட்டிலும் அதைப் பொடியாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். ‘சின் ஹமோன்’, அதாவது ஹமோன் வேண்டாம் என்று தனியாகவே சொல்லிவிடுங்கள்.