தாத்தா சொத்து பேரனுக்கா? மிதாக்ஷராவும் தாயபாகமும்

"தாத்தா சொத்து பேரனுக்குத்தான், அப்பாவால விக்கவே முடியாது." இந்த வசனத்தைக் கேட்காம நம்மள்ல யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். டீக்கடை, ஆபீஸ் லஞ்ச் டேபிள், கல்யாண வீடுன்னு எங்கே சொத்துப் பேச்சு வந்தாலும் கடைசித் தீர்ப்பு இதுதான். இது எங்கிருந்து வந்துச்சு, இன்னைக்கு எவ்வளவு உண்மைன்னு இந்த எபிசோடுல பார்ப்போம். நான் படிச்சது இன்ஜினியரிங், வக்கீல் இல்லை. உங்க வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு நல்ல வக்கீல்தான் வேணும்.

ரெண்டு புத்தகம், ஒரு கேள்வி

சுமார் 900 வருஷம் பின்னாடி போகணும். இன்றைய கர்நாடகாவில் இருக்கிற பசவகல்யாண் அப்போ சாளுக்கியர்களோட தலைநகர். ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்துல அங்கே விஞ்ஞானேஸ்வரர் எழுதின நூல் மிதாக்ஷரா. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கான உரை. வங்காளத்துல ஜீமூதவாகனர் எழுதினது தாயபாகம். இதுல 'தாய'ன்னா அம்மா இல்லை. வாரிசா வர்ற சொத்துக்குப் பேர் தாயம். நாம சொல்ற 'தாயாதி', கேரளத்து 'மருமக்கத்தாயம்' ரெண்டும் அதே வேர்தான்.

ரெண்டு பேருமே பழைய ஸ்மிருதிகளைத்தான் ஆதாரமா எடுத்துக்கிட்டாங்க. கோட்பேஸ் ஒண்ணு, ஃபோர்க் ரெண்டு. பிரிஞ்ச இடம் இந்தக் கேள்வி: மகனுக்கு உரிமை எப்போ வருது?

மிதாக்ஷரா சொல்றது, பிறந்த உடனே. பூர்வீக சொத்துல அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரும் ஒரே நேரத்துல பங்காளிகள். குடும்பத் தேவைக்கு விக்கலாமே தவிர, அப்பா இஷ்டத்துக்கு விக்க முடியாது. தாயபாகம் சொல்றது, அப்பா இறந்த பிறகுதான். அதுவரை அவர்தான் முழு சொந்தக்காரர். வித்தாலும் தானம் கொடுத்தாலும் மகன் தடுக்க முடியாது.

வங்காளத்துலயும் அசாம்லயும் தாயபாகம். தமிழ்நாடு உட்பட மத்த பெரும்பாலான இடங்கள்ல மிதாக்ஷரா. 1810ல் கோல்புரூக் ரெண்டையும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த பிறகு, பிரிட்டிஷ் கோர்ட்டுகள் இதை வெச்சே தீர்ப்பு எழுத ஆரம்பிச்சது. நம்ம டீக்கடை வசனத்தோட பூர்வீகம் இதுதான்.

ஒரே சாவு, ரெண்டு முடிவு

சரி, பிறப்புலயா இறப்புலயாங்கிறதுல என்ன பெரிய வித்தியாசம்? ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். அப்பா இல்லை. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சொத்தைப் பிரிக்காம ஒண்ணா இருக்காங்க. குழந்தை இல்லாத தம்பி திடீர்னு இறந்துடறார். மனைவி இருக்காங்க.

பழைய மிதாக்ஷரா முறையில தம்பி பங்கு அவரோட சேர்ந்து மறைஞ்சிடும். மிச்சம் இருக்கிற பங்காளியான அண்ணன்கிட்ட அப்படியே போயிடும். அந்த அம்மாவுக்குக் கிடைக்கிறது ஜீவனாம்சம் மட்டும். தாயபாகத்துல தம்பி பங்கு தம்பியோடதுதான், அது மனைவிக்கு வரும். விக்கிற உரிமை கிட்டத்தட்ட கிடையாது, வாழ்நாள் வரை அனுபவிக்கலாம். ஆனா கொழுந்தனார் தயவுல சாப்பிட வேண்டியதில்லை.

மகனுக்குப் பாதுகாப்பா தெரியிற மிதாக்ஷரா, விதவைக்குக் கதவை மூடுது. மகனை வெறுங்கையோட நிறுத்தி வைக்கிற தாயபாகம், அவங்களுக்குக் கதவைத் திறக்குது. 1937ல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் மிதாக்ஷரா குடும்பத்து விதவைக்கும் கணவனோட பங்குல ஒரு வரம்புக்குட்பட்ட உரிமை கிடைச்சது.

உங்க சம்பளம் யாருக்குச் சொந்தம்?

இது ஐடி மக்களுக்கு. கூட்டுக் குடும்பப் பணத்துல நீங்க படிச்சா, அந்தப் படிப்பால வர்ற சம்பளமும் கூட்டுச் சொத்தா? சிரிக்காதீங்க. 1921ல் ஒரு ஐசிஎஸ் அதிகாரி வழக்குல பிரிவி கவுன்சில் "ஆமாம்"னு சொல்லிடுச்சு. குடும்பச் செலவுல சிறப்புக் கல்வி படிச்சதால வந்த வருமானத்துல குடும்பத்துக்கும் பங்கு உண்டுன்னு தீர்ப்பு. 1930ல் இதுக்குன்னே ஒரு சட்டம் கொண்டு வந்து, படிப்பால வர்ற சம்பாத்தியம் தனி சொத்துதான்னு மாத்தினாங்க. உங்க சம்பளம் உங்க அக்கவுண்ட்ல நிம்மதியா இருக்கிறதுக்குப் பின்னாடி இப்படி ஒரு கதை இருக்கு.

இப்போ அந்த வசனம்

1956ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஒருத்தர் சொந்தமா சம்பாதிச்ச சொத்துக்கு உயில் எழுதாம இறந்தா மனைவி, மகன், மகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. அப்படி மகன் கைக்கு வந்தது அவனோட தனி சொத்துன்னு 1986ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதாவது தாத்தா சம்பாதிச்ச வீடு, 1956க்குப் பிறகு அவர் இறந்து அப்பா பேருக்கு வந்திருந்தா, அதுல பேரனுக்குப் பிறப்பாலே பங்கு இல்லை. அப்பா தன் பங்கை தாராளமா விக்கலாம். வசனம் இங்கே உடையுது.

2005 திருத்தம் இன்னும் ஒரு படி மேல போச்சு. பங்காளி இறந்தா அவர் பங்கு மிச்ச பங்காளிகளுக்குப் போற முறையே முடிஞ்சது. அது அவரோட வாரிசுகளுக்கோ உயில்படியோ போகும். கிட்டத்தட்ட தாயபாகம் சொன்ன வழி! அதே திருத்தம் மகளுக்கு மட்டும் மிதாக்ஷரா வழியைத் திறந்துச்சு: மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. தமிழ்நாட்டுல 1989லயே இது வந்தது, ஆனா 25.3.1989க்கு முன்னாடி கல்யாணம் ஆன பெண்களுக்கு இல்லை. 2005ல் அந்தத் தடை போச்சு. அப்பா அந்த வருஷம் உயிரோட இருந்திருக்கணும்னு கூட அவசியமில்லைன்னு 2020ல் வினீதா சர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிடுச்சு.

வீட்டுல கேட்க வேண்டிய மூணு கேள்வி

ஒண்ணு, இந்தச் சொத்தை முதல்ல வாங்கினது யார், எந்தப் பணத்துல? ரெண்டு, அவர் எப்போ இறந்தார், 1956க்கு முன்னாடியா பின்னாடியா? மூணு, பாகப்பிரிவினை நடந்திருக்கா, பத்திரம் பதிவாகியிருக்கா? 20.12.2004க்கு முன்னாடியே முறையா பிரிச்சிருந்தா அதை இப்போ கலைக்க முடியாது.

இதைக் கேட்கிற பெண்களுக்குக் கடைசியா ஒண்ணு. "எல்லாம் நம்ம குடும்பம்தானே, ஒரு கையெழுத்து போட்டுடும்மா"ன்னு ஒரு விடுதலைப் பத்திரம் உங்க முன்னாடி வரலாம். விட்டுக் கொடுக்கிறது உங்க விருப்பம், அதுல தப்பில்லை. ஆனா முழுசாப் படிச்சுட்டு, உங்க பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. பூர்வீக சொத்தா இருந்தா, அந்தப் பங்கு அண்ணனுக்கு வந்த அதே நாள்ல, அதாவது பிறந்த நாள்ல, உங்களுக்கும் வந்தது.

அடுத்த எபிசோடுல உயிலைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் பை மக்களே!